பதினொரு மணிக் காய்ச்சல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

திங்கட்கிழமை ராத்திரி போனில், "மேலுக்குச் சொகமில்லாத பிள்ளைய எதுக்குடி பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனே?" என்று கேட்டுவிட்டேன். நீ பதிலே சொல்லவில்லை. "சரிம்மா, வைக்கேன்" என்றாய். மூன்று நாளாக நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. போனை எடுத்தால் மறுபடி ஏதாவது வாயில் வந்துவிடும் என்று பயந்துதான் காகிதத்தை எடுத்தேன். ஒன்றாம் வகுப்பிலேயே 31 வருஷம் கிடந்தவள் கேட்கிற கேள்வியா அது? பேரன் என்றதும் டீச்சர் எழுந்து போய்விட்டாள், ஆச்சி வந்து உட்கார்ந்துவிட்டாள்.

நீ சொன்னதை அப்புறம் நிதானமாக யோசித்தேன். ஞாயிறு சாயங்காலமே அவனுக்குத் தடுமம் பிடித்திருக்கிறது. காலையில் எழுந்து ரெண்டு இட்லி தின்றான், பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டினான், அனுப்பினாய். பத்தரைக்கு அவன் டீச்சர் "மோனு செறிய பனியுண்டு", பையனுக்கு லேசாகக் காய்ச்சல் என்று மலையாளத்தில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். பேங்க் கவுன்டரில் கூட்டம் நிற்க, நீ தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னாய். 99. விளையாடுகிறானா என்று கேட்டாய். விளையாடுகிறான் என்றார்கள். மத்தியானம் இன்னொரு தரம் விசாரித்துவிட்டு மூன்றரைக்குப் போய்க் கூட்டி வந்தாய். இதில் எங்கே தப்பு? அந்த டீச்சர் இடத்தில் நான் இருந்திருந்தால் அவனை அங்கேயே இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீ எனக்குத் தள்ளிவிட்ட அந்த மெசேஜை உங்கப்பாவும் கேட்டார். "ஆடி பொறக்கல, அதுக்குள்ள புனலூர்ல பனியா?" என்று கிண்டல். நம்ம ஆச்சி இருந்திருந்தால் அவரை ஒரு முறை முறைத்திருப்பாள். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடுதானே கிடந்தது. கடைசி வரைக்கும் அவளுக்குக் காய்ச்சல் என்றால் பனிதான், கற்பூரவள்ளி என்றால் பனிக்கூர்க்கைதான். ஆனால் அந்த வார்த்தையில் ஒரு சங்கடம் உண்டு. 99-உம் பனி, 103-உம் பனி. "எத்தனை டிகிரி?" என்று நீ திருப்பிக் கேட்டாய் பார், அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

100.4 டிகிரியைத் தொட்டால்தான் காய்ச்சல் என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். கக்கத்தில் வைக்கிற தெர்மாமீட்டர் உள்ளே இருக்கிற சூட்டைவிட ஒரு டிகிரிக்குப் பக்கமாகக் குறைத்துக் காட்டும். அதனால் கக்கத்தில் 99.5 தாண்டி, பையனும் துவண்டிருந்தால் நான் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்வேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ரொம்ப காலம் தெர்மாமீட்டரே கிடையாது. இன்டர்வெல் மணியை வைத்துத்தான் பார்ப்பேன். மணி அடித்ததும் நாற்பது பிள்ளைகள் வாசலுக்குப் பாயும்போது எது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறதோ, அதன் கழுத்தைத்தான் முதலில் தொடுவேன். மூக்கு ஒழுக ஒழுக ஓடிப்பிடித்து விளையாடுகிறதைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைக்கிறது, கூப்பிட்டால் ரெண்டாவது தரம் திரும்புகிறது, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குகிறது, இதெல்லாம்தான் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டிய பிள்ளை.

வீட்டுக்கு ஆள் அனுப்பினால் மட்டும் எல்லோரும் வந்துவிடுகிறார்களா? ஒருநாள் ஒரு பையனுக்கு நல்ல காய்ச்சல். களையெடுக்கப் போயிருந்த அம்மாவைத் தேடிப் பிடித்துக் கூட்டிவரச் சொல்லி, எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டிவிட்டேன். சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகியபடி, காலெல்லாம் சேறோடு நின்றாள். "வீட்டுல போட்டா யாரு பாப்பா டீச்சர்? இங்கன நீங்க இருக்கிய, மத்தியானம் சோறு இருக்கு" என்றாள். எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. மறுநாள் வீட்டிலிருந்து ஒரு கோரைப்பாயைக் கொண்டுபோய் பீரோவுக்குப் பின்னால் விரித்தேன். நான் ரிட்டயர் ஆகும்வரை அந்த மூலையில் பாய் கிடந்தது, நாலு பாய் மாறியிருக்கும். லேசாக வாடிய பிள்ளைகள் ஒரு மணி நேரம் அதில் படுத்து எழுந்து விளையாடப் போய்விடும். எழுந்திருக்காததைத் தூக்கிக்கொண்டு நானே போவேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

1997. நீ ஒன்றாம் வகுப்பு, என் வகுப்பிலேயே இருந்தாய். ஆண்டாய்வுக்கு உதவிக் கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வருகிற நாள். காலையில் உன் கழுத்தைத் தொட்டேன், சுட்டது. லீவு போட்டால் ஆய்வுக்குப் பயந்து ஒளிந்தாள் என்பார்கள். உங்கப்பா நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டிலேயே, நாலடி தூரத்தில். அவரை எழுப்பிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாராசிட்டமால் அரை மாத்திரையைப் பொடித்து, சீனித் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். எட்டு மணிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. தலை பின்னி, பூ வைத்துக் கூட்டிப்போனேன்.

அந்த மருந்து நாலு மணி நேரம், மிஞ்சினால் ஆறு மணி நேரம் நிற்கும். ஏழரைக்குக் கொடுத்தது. பதினொன்றரைக்கு ஏ.இ.ஓ. ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நீ மூன்றாவது வரிசையில் சிலேட்டின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டாய். எழுதியதெல்லாம் அழிந்து கன்னத்தில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. "அந்தப் பிள்ளைக்கு என்ன?" என்று கேட்டார். "தூக்கம் சார்" என்றேன். என் பிள்ளை என்று சொல்லவில்லை.

மறுநாள் உன் முதுகில் முதல் கொப்புளம். சின்னம்மை. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலிருந்தே அது பரவும் என்று அப்போது எனக்குத் தெரியாது. ரெண்டு வாரம் கழித்து, உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, என் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் ஒவ்வொன்றாக வேப்பிலை ஏறியது. பள்ளிக்கூடம் போகிற வழியில் எண்ணிக்கொண்டே போவேன். பதினொரு வாசல். முந்தின நாளே உன்னிடமிருந்து அம்மை தொற்றியிருக்கலாம், மாத்திரையால்தான் என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் மருந்து கொடுத்து அனுப்பியதை இத்தனை வருஷமும் நான் யாரிடமும் சொல்லவில்லை. 31 வருஷத்தில் அதே மாதிரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறுகிற பிள்ளைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். வாயருகே மருந்து ஒட்டி, பிசுபிசுவென்று இருக்கும். அந்த அம்மாக்களை நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எந்த முகத்தோடு கேட்க?

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கறாராகச் சொல்வேன். மருந்து கொடுத்துக் காய்ச்சலை மறைத்து அனுப்பாதே. மருந்தே இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால் அடுத்த நாள் போகட்டும். வீட்டில் பாராசிட்டமால் சிரப் ரெண்டு பாட்டில் இருந்தால் ஒன்றைத் தூர எறி. 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று ஒன்று, 250 என்று ஒன்று, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அவசரத்தில் மாற்றி ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

இருமல் மருந்து வேண்டவே வேண்டாம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் அத்தனை பிள்ளைகள் கிட்னி கெட்டுச் செத்தது நம் தமிழ்நாட்டில் தயாரான இருமல் மருந்தால்தான். டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் அதில் கலந்திருந்தது. அதற்கப்புறம் மத்திய அரசே ரெண்டு வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் பையனுக்கு நாலரைதான். ராத்திரி இருமினால் ஒரு ஸ்பூன் தேன் கொடு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம். குளித்ததும் உச்சியில் ராஸ்னாதிப் பொடி தேய்க்கச் சொல்லி உன் மாமியார் சொன்னால் தேய்த்துக்கொள். அதில் சண்டை போட ஒன்றுமில்லை.

வெறும் தடுமத்துக்கு நிறுத்தாதே. இந்த வயதில் வருஷத்துக்கு ஆறு, எட்டு தரம் சளி பிடிப்பது சகஜம். ஒவ்வொன்றும் பத்து நாள் இழுக்கும், இருமல் அதற்கும் மேலே. மூக்கு காய்கிறவரை வீட்டில் வைப்பது என்று ஆரம்பித்தால் எண்பது நாள் ஆகிவிடும், அப்புறம் பள்ளிக்கூடமே வேண்டாம். மூன்றாம் நாள், நாலாம் நாள் சளி மஞ்சளாகும், பச்சையாகும். அதைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் கேட்டு டாக்டரிடம் ஓடாதே, சளி தன் போக்கில் போகிறது, அவ்வளவுதான். கைக்குட்டையைச் சட்டையில் பின் குத்தி அனுப்பு. உனக்கும் அப்படித்தான் குத்தி அனுப்பினேன்.

வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் பேச்சே இல்லை, வீடுதான். கடைசியாகப் போனதிலிருந்து ஒரு முழு நாள், ரெண்டு நாள் என்றால் இன்னும் நல்லது. மூச்சு வாங்கினால் மட்டும் பள்ளிக்கூடமா வீடா என்று யோசிக்காதே. அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணு. அவன் வயதுக்கு நாற்பதும் அதற்கு மேலும் போனால், விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால், நேரே ஆஸ்பத்திரி.

கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் பார்த்தால் டீச்சருக்கு உடனே சொல்லிவிடு. 2022-இல் உங்கள் கொல்லம் ஜில்லாவில், ஆரியங்காவு, அஞ்சல் பக்கமெல்லாம் தக்காளிக் காய்ச்சல் என்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எல்லையில் கேரளாவிலிருந்து வருகிற பிள்ளைகளைச் சோதித்துத்தான் விட்டார்கள். என்னவோ புது நோய் என்று ஊரே நடுங்கியது. கடைசியில் பார்த்தால், சின்னப் பிள்ளைகளுக்கு எப்போதும் வருகிற கை-கால்-வாய் நோய்தான். வீட்டில் வைத்தால் ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். சின்னம்மைத் தடுப்பூசி அவன் அட்டையில் இருக்கிறதா என்று பார். அரசு போடுகிற ஊசிகளில் அது கிடையாது, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பொன்னுக்கு வீங்கிக்கும் அப்படித்தான்.

இன்னொன்று. தினமும் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்துக்கு மட்டும் வயிறு வலிக்கிறது என்றால் வயிற்றை மட்டும் பார்க்காதே. என் வகுப்பில் ஒருத்தன் தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவான். டாக்டர், குடற்புழு மாத்திரை, திருஷ்டி எல்லாம் ஆயிற்று. கக்கூஸ் கதவுக்குப் பின்னால் ஒரு பல்லி இருக்கிறதாம். அதற்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். நம் பையனுக்கு மலையாளம் இன்னும் பழகிக்கொண்டுதானே இருக்கிறது, 'ஒன்னுக்குப் போகணும்' என்று எப்படிக் கேட்பான் என்று ஒருநாள் கேட்டுப் பார்.

இதெல்லாம் உனக்கு ஓரளவு தெரிந்ததுதான். திங்கட்கிழமை உன்னை அழ வைத்தது தடுமம் இல்லை என்று எனக்கும் தெரியும். பத்தரைக்கு மெசேஜ் வந்ததும் கவுன்டரை விட்டு ஓட வேண்டியது நீ, மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டியது நீ, ராத்திரி அம்மாவிடம் பேச்சு வாங்க வேண்டியதும் நீ. மாப்பிள்ளை ஆபீஸ் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உன் பேங்கைவிடப் பக்கம். அவர் நல்லவர், கேட்டால் போவார். உங்கப்பாவும் நல்லவர்தான், நான்தான் எழுப்பவில்லை. நேற்றுத்தான் முதல் தடவையாக இதை உங்கப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எழுப்பியிருக்கலாமே" என்றார்.

திங்கட்கிழமை கொல்லம் பஸ்ஸில் வருகிறேன், ஒரு வாரம் இருப்பேன். சாரல் பிடித்திருக்கிறது, கற்பூரவள்ளி தளதளவென்று நிற்கிறது. ரெண்டு கொப்பு ஒடித்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருகிறேன், பால்கனித் தொட்டியில் மண் போட்டு வை. அதற்குள் பள்ளிக்கூட டைரியை எடுத்து, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் என்று இருக்கிற இடத்தில் மாப்பிள்ளை நம்பரை முதலில் எழுது. உன்னுடையது ரெண்டாவது. மூன்றாவதாக இடம் இருந்தால் என் நம்பரையும் எழுதிவை, அந்த டீச்சரோடு மலையாளத்தில் பேச எனக்கு ஆசையாக இருக்கிறது.

அம்மா