சீட்டு சரி, மருந்து சரி, அப்புறம் எங்கே தவறுகிறது? மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் கடை உதவியாளர்களுக்கும் வணக்கம்.

சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கொடுக்கக் கூடாது என்பதை நீங்கள் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள். செஃபிக்சைம், லெவோஃப்ளாக்சசின் போன்ற எச்1 பட்டியல் (சீட்டோடு மட்டுமே, கூடுதல் கண்காணிப்போடு விற்க வேண்டியவை) மருந்துகளுக்கு 2014 முதல் தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். இந்த மடல் அதற்காக அல்ல. முறையான சீட்டோடு வந்து, சரியான மருந்தை வாங்கிப்போய், வீட்டில் தவறாகக் கொடுக்கிறார்களே, அதற்காக.

அதிகம் தவறுவது குழந்தைகளுக்கான பவுடர் பாட்டிலில். அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த ட்ரை சிரப்பையே பாருங்கள். ஒரே பிராண்டில் 5 மி.லி.க்கு 228.5 மி.கி. ஒன்று, 457 மி.கி. இன்னொன்று. சீட்டில் முதலாவது இருக்க, ஸ்டாக்கில் இருப்பது இதுதான் என்று இரண்டாவதை எடுத்துக் கொடுத்தால், அதே 5 மி.லி.யில் குழந்தைக்கு இரண்டு மடங்கு போகும். வீரியம் மாறுகிறதென்றால் டாக்டருக்கு ஒரு போன் போடாமல் கொடுக்காதீர்கள்.

"தண்ணி ஊத்திக் குலுக்கிக் குடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. கழுத்து வரை ஊற்றினால் மருந்து நீர்த்துப்போகும். குறைவாக ஊற்றினால் ஒவ்வொரு வேளையும் அளவு கூடும். முதலில் பாட்டிலைத் தட்டி, அடியில் கட்டியாக இருக்கும் பவுடரை உதிர்க்க வேண்டும். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கும் வரை பொறுத்து, மீதியைச் சரியாகக் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். நுரையோடு கோட்டைப் பார்த்தால் அளவு தப்பும். வெந்நீர் கூடாது. பெட்டிக்குள்ளேயே தண்ணீர்க் குப்பி இருந்தால் அதையே ஊற்றச் சொல்லுங்கள். அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுங்கள். லேபிள் மடிப்பில் அது பலர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

கலந்தபின் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃபிரீசரில் அல்ல. பொதுவாக 7 நாள்; பெட்டியில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டா என்று கேட்க மறக்காதீர்கள். இல்லையென்றால் தண்ணீரில் கரையும் மாத்திரையாக மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

அடுத்தது கணக்கு. 5 மி.லி. வீதம் இரண்டு வேளை, 5 நாள் என்றால் 50 மி.லி. நீங்கள் கொடுப்பதோ 30 மி.லி. பாட்டில். மூன்றாம் நாள் பாட்டில் காலி, காய்ச்சலும் இறங்கியிருக்கும், மருந்து முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிடுவார்கள். இரண்டு பாட்டிலாகக் கொடுங்கள். இரண்டாவதை இப்போதே கலக்க வேண்டாம், பவுடராகவே இருக்கட்டும் என்றும் சொல்லுங்கள். மிஞ்சுகிற 10 மி.லி. அடுத்த காய்ச்சலுக்கு ஆகாது.

அளக்க வீட்டு ஸ்பூன் வேண்டாம், பாலாடையும் வேண்டாம். இரண்டிலும் கோடு கிடையாது. ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சு ஒன்றைக் கொடுத்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடச் சொல்லுங்கள். சிரிஞ்சு நுனியில் மூடி இருந்தால் முன்பே கழற்றி எறிந்துவிட வேண்டும், குழந்தை தொண்டையில் அது சிக்கும்.

பெரியவர்களுக்கு வருவோம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதா என்று கேளுங்கள். அமாக்சிசிலின் அந்த இனம்தான் என்பது பலருக்குத் தெரியாது. டாக்சிசைக்ளின் கொடுத்தால், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கிவிடும். சிப்ரோஃப்ளாக்சசினை இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை, அல்சர் டானிக் ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சேராது. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் அதைச் சாப்பிட வேண்டும். கிளிமிபிரைடு சாப்பிடும் சர்க்கரைக்காரருக்கு லெவோஃப்ளாக்சசின் எழுதியிருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் வந்தால் ரத்தக்கசிவு பயம் உண்டு. இந்த இரண்டிலும் டாக்டரிடம் கேட்ட பிறகே கொடுங்கள்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைசியாக, அந்தக் காகிதக் கவர். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் போட்டு மேலே 1-0-1 என்று மட்டும் கிறுக்குவதை விட்டுவிடுங்கள். கிளாவுலனிக் அமிலத்துக்கு ஈரம் ஆகாது, அட்டைக்குள்ளேயே இருக்க வேண்டும். பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி வெட்டி, கவரில் மருந்தின் பெயர், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மருந்து எழுதுகிறவர்களும் எடுத்துக் கொடுக்கிறவர்களுமாகச் சிலர்