ஜடை தைக்க நீ வா

நாகர்கோவில்,
கார்த்திகை, ஞாயிறு.

அன்புள்ள உஷா,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசினால் பாதியிலேயே "அடுப்பில் பால் இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. ரேடியோ மாமா இன்னும் ரேடியோ சொன்னால்தான் மழையையே நம்புகிறார். பேரனுக்குப் பல் முளைத்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், என் சின்னவள் கல்யாணத்துக்கு மூணே வரி. அந்த மூணு வரிக்குக் கடைசியில் வருகிறேன், இரு.

முதலில் சண்டைக் கதை. தை மாசத்து முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைக்காது என்று சித்திரையிலேயே முன்பணம் கட்டினோம் இல்லையா, அங்கேதான். மேனேஜர் அலங்கார ஆல்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் தெர்மோகோல் தூண், துணிப்பூ, பிளாஸ்டிக் இலை. "ஒரிஜினல் பூவும் இருக்கும்மா" என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஆர்க்கிட், கார்னேஷன், ஜெர்பரா. நம்ம ஊர்ப் பூ என்று பேருக்கு ஒன்று கிடையாது. தோவாளைப் பூச்சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கிருந்தோ பெட்டியில் வருகிற பூவுக்கு நான் எதுக்குக் காசு கொடுக்கணும், சொல்லு.

அதைவிட, அந்தப் பூவைச் செருகி வைக்கிற பச்சைக் கட்டியைப் பார்த்திருக்கிறாயா? செங்கல் அளவில் இருக்கும், விரலால் அழுத்தினால் பொடியாக உதிரும். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் பூ வாடாமல் நிற்கிறது, அது உண்மைதான். ஆனால் அது ரசாயனப் பிசினில் செய்த நுரை, ஒரு காலமும் மக்காது. பொடிந்து பொடிந்து பிளாஸ்டிக் தூளாகத்தான் ஆகும். மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். போன முகூர்த்தத்துப் பச்சைப் பொடியும் கம்பியும் கிழிந்த துணிப்பூவும் மதிலோரம் குவிந்து கிடக்கின்றன. மழைத் தண்ணீர் அதன்மேல் ஓடி நேரே குளத்துக்கு இறங்குகிறது. 2019 ஜனவரியில் தடை வந்ததும் பந்தி மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக்கூட எடுத்தார்கள், டம்ளரை எடுத்தார்கள். மேடை முழுக்க நிற்கிற பிளாஸ்டிக் பூவைக் கேட்க ஆள் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது உஷா. நான் அங்கேயே சொல்லிவிட்டேன், என் மகள் கல்யாணத்தில் இதில் ஒரு துணுக்குக்கூட உள்ளே வரக்கூடாது என்று.

அலங்காரம் வாடகையோடு சேர்ந்தது, வேண்டாம் என்றாலும் பணம் குறையாது என்றார்கள். வெளியாள் வந்து செய்தால் சுத்தம் செய்யத் தனிக்கட்டணம் என்றார்கள். எங்க வீட்டுக்காரர் "போகட்டுமே" என்று ஆரம்பித்தார். சின்னவள்தான் எனக்குக் கைகொடுத்தாள். அவளுக்கும் முதலில் அந்த வெளிறிய கலர் மேடைமேல் ஒரு ஆசை இருந்தது. குடோனுக்குள் போய் அந்தத் துணிப்பூவை முகர்ந்து பார்த்தாள், தூசியில் தும்மிக்கொண்டே வெளியே வந்து, "அம்மா, பூ என்றால் வாசம் வரணும்" என்றாள். அதோடு தீர்ந்தது. தனிக்கட்டணத்தைக் கட்டுகிறோம், மேடையும் வாசலும் நம்ம கையில்.

இனி என் திட்டத்தைக் கேள். பேராசைக்காரி என்று நீ சொல்வாய், பரவாயில்லை.

வாசலில் செவ்வாழை, குலையோடு. பக்கத்தில் செவ்விளநீர்க் குலையும் பாக்குக் குலையும். பந்தல் முழுக்கக் குருத்தோலை. கோயில் கொடைக்கும், குருத்தோலை ஞாயிறுக்குச் சர்ச்சுக்கும் ஓலை கட்டுவாரே, தெற்குத் தெரு அண்ணாச்சி, அவரிடமே சொல்லிவிட்டேன். கிளி, வெட்டுக்கிளி, பாம்பு எல்லாம் பின்னித் தருகிறேன் என்றார். காய்க்கிற மரத்தில் குருத்தை எடுத்தால் மரம் தளர்ந்துபோகும், அதனால் வெட்டப்போகிற பழைய தோப்பு ஒன்றில் சொல்லிவைத்திருக்கிறார். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

மேடையில் அந்தப் பச்சைக் கட்டிக்குப் பதில் வாழைத்தண்டு. உன் மாமனார் ஊரில் பூப்பல்லக்குக்குச் செய்வார்களே, அதேதான். தண்டைத் துண்டாக வெட்டிப் பலகையில் பதித்து, பூவை ஈர்க்குச்சியில் கோர்த்துச் செருகினால் தண்டின் ஈரமே மறுநாள் வரை பூவைத் தாங்கும். முடிந்ததும் தண்டு மாட்டுக்கும், பூவும் ஓலையும் அப்படியே எருக்குழிக்கும் போய்விடும்.

பூ விலை பேசத் தோவாளைக்கு விடியுமுன்னே போயிருந்தேன். மலைக் காற்று அடித்து நடுங்க வைத்துவிட்டது. பல்பு வெளிச்சத்தில் சாக்கை விரித்துப் பிச்சியைக் கொட்டியிருந்தார்கள். உள்ளே கையை விட்டால் சில்லென்று இருக்கிறது. மொட்டின் முதுகில் மட்டும் அந்த இளஞ்சிவப்புக் கோடு, நீ மதுரைக்குப் போனதிலிருந்து பார்த்திருக்கமாட்டாய். மல்லி இப்போதே விலை ஏறத் தொடங்கியாயிற்று. பனி விழுந்தால் மொட்டு கட்டாது. மார்கழி, தையில் வரத்துச் சுருங்கி, முகூர்த்தமும் சேர்ந்தால் கிலோ 2,000, 3,000 என்று போய்விடும். சித்திரை, வைகாசியில் இதே மல்லி 200, 300-க்கு இறங்கும். பறிகூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அதனால் நான் ஒரு முடிவு செய்தேன். மேடைக்கு மல்லி கிடையாது. அங்கே கிரேந்தி, சிவந்தி, அரளி, வாடாமல்லி, கோழிக்கொண்டை, ஓரத்துக்குக் கொழுந்து. தூரத்தில் நின்று பார்ப்பதற்கு நிறம் போதும். மல்லியும் பிச்சியும் தலைக்கும் மாலைக்கும் மட்டும், வாசம் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறவர்களுக்கு.

மதுரை மல்லிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்று எத்தனை வருஷம் என்னிடம் பீற்றியிருக்கிறாய்! எங்க தோவாளை மாணிக்க மாலைக்கும் 2025-ல் கிடைத்துவிட்டது தெரியுமா? மாப்பிள்ளை அழைப்புக்கு அதைத்தான் போடப்போகிறோம். கட்டுகிற அக்கா வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தேன். சிவப்பரளியும் வெள்ளரளியும் நொச்சி இலையும்தான், வேறொன்றும் இல்லை. நாரின்மேல் ஒவ்வொன்றாக மடித்து மடித்துக் கோர்க்கிறாள், பாய் பின்னியதுபோல் தட்டையாகக் கட்டம் கட்டமாக இறங்குகிறது. திருவிதாங்கூர் மகாராஜா பார்த்துவிட்டு மாணிக்கம் பதித்ததுபோல் இருக்கிறது என்றாராம், அதில் வந்த பெயர் என்பது அவர்கள் சொல்லும் கதை. அரளிப் பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. "மண்டபத்தில் எல்லாம் துணிப்பூ வந்தபிறகு கல்யாண ஆர்டர் குறைஞ்சுபோச்சு, கோயில்தான் எங்களைக் காப்பாத்துது" என்றாள். பேரம் பேச எனக்கு மனசு வரவில்லை, கேட்ட அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த மண்டபத்துக்குக் கட்டுகிற தனிக்கட்டணத்தைவிட இது எவ்வளவோ நிறைவான செலவு.

இப்போது ஜடை. இங்கேதான் எனக்குத் தூக்கம் போகிறது.

முகூர்த்தம் பத்தரைக்கு. முந்தின நாள் காலையில் பறித்த மொட்டை வாங்கினால் அது ராத்திரியே விரிந்துவிடும், காலையில் கறுத்துத் தொங்கும். பியூட்டி பார்லர் பெண்ணைக் கேட்டேன், ஐஸ் பெட்டியில் வைத்த மொட்டில் முந்தின நாளே ரெடி பண்ணிவிடலாம் என்றாள். அவள் செய்த ஒன்றைப் பார்த்தேன். மொட்டெல்லாம் கண்ணாடி போட்டதுபோல் ஒளி மங்கி, தொட்டால் ஈரம். அட்டையில் பசை போட்டு ஒட்டியிருக்கிறாள் ஏட்டி! பசை! அன்று விடியக்காலை சந்தையில் வாங்கின மொட்டு ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து, எட்டு மணிக்குள் ஜடை முடிந்தால்தான் மாலை மாற்றும்போது மொட்டு மொட்டாகவே இருக்கும், சாயங்காலம் வரவேற்பில் தலையிலேயே மலரும். அந்த மூணு மணி நேரத்தில் முழு ஜடையும் தைக்கிற கை இந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? வாழைச்சருகை அளவாக நறுக்கி, காம்பைக் கிள்ளி, நுனி வெளியே பார்க்க வரிவரியாக ஊசியால் குத்தி, நடுவில் கனகாம்பரம், ஓரத்தில் மரிக்கொழுந்து. என் தலையில் நீ தைத்த ஜடையை ராத்திரி அவிழ்க்க மனமில்லாமல் அப்படியே சாய்ந்து தூங்கினேன்.

இனி உன் மூணு வரிக்கு வருகிறேன். "முகூர்த்தம் முடிந்தபிறகு சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன், நல்ல காரியத்தில் நான் எதுக்கு முன்னால்" என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. அண்ணன் போனதிலிருந்து நீ பூ வைக்கவில்லை, அது உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை சொன்னேனா? ஆனால் கட்டுவதையும் விட்டுவிட்டாய். உன் வீட்டு வாசலில் பூக்காரி வந்தால் உள்ளே போய்விடுகிறாய் என்று உன் மருமகள் சொன்னாள்.

என் கல்யாணத்தில் பெரியம்மையை ஞாபகம் இருக்கிறதா? விடிய விடியக் கட்டினாள், அத்தனை மாலையும் அவள் கை. கெட்டிமேளம் கேட்டதும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். உனக்கு அப்போது வயது என்ன, கல்யாணம்கூட ஆகவில்லை. நேரே உள்ளே போய், கையைப் பிடித்து இழுத்துவந்து, மேடைக்கு முன்னால் என் அம்மை பக்கத்தில் நிறுத்தினாய். "பூ கட்டின கை அட்சதை போடக்கூடாதா?" என்று எல்லாரும் கேட்கக் கேட்டாய். கிழவிகள் எல்லாம் முணுமுணுத்தார்கள், உன் அம்மை உன்னை முறைத்தாள். பெரியம்மை சாகிறவரை "அந்தப் பிள்ளை எப்படி இருக்கா" என்று உன்னைத்தான் விசாரித்தாள். அந்த உஷா எங்கே போனாள்?

சம்பந்தி வீட்டில் யாராவது ஏதாவது நினைப்பார்கள் என்று பயப்படாதே. நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், ஜடை தைப்பவள் என் சினேகிதி, அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை, பெண்ணை மேடைக்குக் கூட்டிவருகிறவர்களில் அவளும் இருப்பாள் என்று. சம்பந்தியம்மாள், "எங்க அம்மாவும் அப்படித்தான் இருக்காங்க, அவங்களும் வரட்டும்" என்றாள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி மட்டும் வாயைத் திறந்தாள். அதற்கு என் அம்மை பதில் சொல்லிக்கொண்டாள், அதை நேரில் வரும்போது சொல்கிறேன், எழுத முடியாது.

சின்னவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? உஷா சித்தி தைக்கவில்லை என்றால் ஜடையே வேண்டாமாம், கொண்டை போட்டுக்கொண்டு ஒரு முழம் பூ சுற்றிக்கொள்வாளாம். அவளிடம் நான் பேசி ஜெயிக்கமுடியாது, உனக்கே தெரியும்.

முகூர்த்தத்துக்கு மூணு நாள் முன்னாலேயே வந்துவிடு. மாட்டுத்தாவணியில் நாகர்கோவில் பஸ் ஏறினால் வடசேரியில் தம்பி நிற்பான். பூ ஒன்றும் வாங்கிக்கொண்டு வராதே, உங்க ஊர் மல்லிதான் தடித்த இதழ், அதிகம் தாங்கும் என்று பஸ் முழுக்கப் பிரசங்கம் பண்ணிக்கொண்டு வருவாய். உன் பழைய ஊசிப் பெட்டியை மட்டும் எடுத்துவா, இங்கே கிடைக்கிற ஊசி தடிமன், மொட்டைக் கிழித்துவிடுகிறது. வாழைச்சருகை நிழலில் காயப்போட்டிருக்கிறேன். அதை எத்தனை நாளைக்கு முன்னால் நறுக்கணும், நனைத்த துணியில் சுற்றணுமா வேண்டாமா என்று உடனே எழுது. அம்மை ஒன்று சொல்கிறாள், மாமியார் ஒன்று சொல்கிறாள். இன்னொன்று, கனகாம்பரம் ரெண்டு வரியா, மூணு வரியா? சின்னவளுக்கு முடி என்னைவிட நீளம்.

உன்,
விஜயா