நரம்பியல் கல்வி ஆண்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

யாழ்ப்பாணம்

அன்புடையீர்,

எமது மருத்துவச் சங்கத்தின் நரம்பியல் கல்விக் குழு இந்த ஆண்டு ஒழுங்குசெய்த வகுப்புகளும் பட்டறைகளும் பொதுமக்கள் சந்திப்புகளும் நிறைவுபெற்றுவிட்டன. விரிவுரை ஆற்றியவர்களுக்கு மேடையிலேயே மாலையும் பொன்னாடையும் போட்டாயிற்று. மேடைப்பக்கமே வராமல் வேலை செய்தவர்களுக்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. இந்த மடல் அவர்களுக்கு.

முதலில் ஈஈஜி, அதாவது மூளையின் மின்னலைகளைப் பதியும் பரிசோதனை, நடக்கும் அறையின் தொழில்நுட்பவியலாளர்கள். மருத்துவர் எவ்வளவு படித்தவரானாலும் தலையில் மின்வாய் ஒட்டுகிற கை சரியில்லையென்றால் அவர் வாசிக்கப்போவது மூளையை அல்ல, மின்விசிறியைத்தான். மூக்கு நெற்றியோடு சேரும் பள்ளத்திலிருந்து பிடரி மேடுவரை நாடாவால் அளந்து, அந்த நீளத்தின் 10 வீதம், 20 வீதம் என்ற இடைவெளிகளில் குறியிட்டு, ஒவ்வொரு மின்வாயின் மின்தடையையும் 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவரும்வரை இவர்கள் பதிவைத் தொடங்குவதில்லை. எங்கள் ஊரில் தலைக்கு நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ வைக்காமல் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் குறைவு. அந்த எண்ணெய்ப் படலம் தடையைக் கூட்டும். இரண்டு மின்வாய்களின் தடை ஒன்றுக்கொன்று சமனில்லாமல் போனால் 50 ஹேர்ட்ஸ் மின்னோட்ட இரைச்சல் புகுந்து அலைகளை மூடிவிடும். அதனால்தான் முதல்நாளே ஷாம்பூ போட்டு முழுகிவரச் சொல்கிறார்கள். வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்வதில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லி அனுப்புகிறார்கள்.

வகுப்புக்காக இவர்கள் சேர்த்துத் தந்த பதிவுகளில் நல்லவற்றைவிடக் கெட்டவையே அதிகம் படிப்பித்தன. தங்களுக்குள்ளேயே ஒருவரை இருத்தி, ஒரு மின்வாயை வேண்டுமென்றே தளர்த்தியும், பல்லைக் கடிக்கவைத்தும், கண்ணைச் சிமிட்டவைத்தும், குளிரூட்டியை நிறுத்தி வியர்க்கவிட்டும் பதிந்திருந்தார்கள். வியர்வை எழுப்பும் மெதுவான அலைகளை மூளைப் பாதிப்பு என்றும், தளர்ந்த மின்வாயின் துள்ளலை வலிப்பு அலை என்றும் வாசித்துவிட்டால், இல்லாத நோய்க்கு ஒரு பிள்ளை வருடக்கணக்கில் மாத்திரை குடிக்க நேரும். எங்கள் கணிப்பில் ஈஈஜியால் வரும் கேடுகளில் பெரும்பகுதி இப்படி அதிகமாக வாசிப்பதால் வருவதுதான்.

பாரிசவாதப் பட்டறைக்கு உதவியவர்களின் பட்டியல் நீளமானது. விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவுத் தாதியர், சி.ரி. ஸ்கான் பிரிவினர், நோயாளியைத் தள்ளிக்கொண்டு ஓடும் சிற்றூழியர், 2018இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்த 1990 அம்புலன்ஸ் சேவையினர் எல்லோரும் ஒத்திகையில் நின்றார்கள். குருதிக்கட்டியைக் கரைக்கும் அல்ரிபிளேஸ் கொடுப்பதற்கு நான்கரை மணித்தியாலம்தான் அவகாசம். அந்தக் கணக்கு நோயாளி கடைசியாகச் சுகமாக இருந்ததைக் கண்ட நேரத்திலிருந்து ஓடுகிறது. காலை ஆறு மணிக்குக் கை விழுந்த நிலையில் எழும்பியவருக்கு, அவர் இரவு படுக்கப்போன நேரமே தொடக்கம். இதை உறவினரிடம் சரியாகக் கேட்டு எழுதுவது அம்புலன்ஸில் இருப்பவர். நெடுந்தீவிலிருந்து வருகிறவருக்குக் குறிகட்டுவான்வரை கடல் வழியிலேயே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போய்விடும். பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டித் தரைவழி. ஆகவே பட்டறைக்கு வந்து, எந்த நேரத்தில் எந்தப் படகு கிடைக்கும், காற்றடிக்கும் மாதங்களில் என்ன செய்யலாம் என்று விளக்கிய படகோட்டிகளும் எமக்கு ஆசிரியர்களே.

அல்ரிபிளேஸ் கலக்கும் பகுதியைத் தாதிய சகோதரிகளே நடத்தினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், எவ்வளவு பாரமானவராயினும் 90ஐத் தாண்டக்கூடாது. 60 கிலோ உடையவருக்கு 54 மில்லிகிராம், அதில் 5.4ஐ ஒரு நிமிடத்தில் கொடுத்து, மிச்சம் 48.6ஐ ஒரு மணித்தியாலத்தில் ஏற்ற வேண்டும். கலக்கும்போது குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும், மெதுவாகச் சுழற்றவேண்டும். பம்ப் ‘முடிந்தது’ என்று ஒலியெழுப்பியதும் குழாயைக் கழற்றிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. குழாயின் நீளத்துக்குள் நிற்கும் மருந்து குப்பைக்குப் போய்விடும். சேலைனை அதே வேகத்தில் ஓடவிட்டு அதையும் உள்ளே தள்ளவேண்டும் என்று குழாயில் நிறநீரை ஓடவிட்டுக் காட்டியது, எந்த விரிவுரையையும்விட மனத்தில் நின்றது. ஊசிக்கு முன் குருதியமுக்கம் 185/110க்குக் கீழே, பிறகு 24 மணித்தியாலத்துக்கு 180/105க்குக் கீழே. விழுங்கற் பரிசோதனை முடியும்வரை வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது. “ஒரு வாய் தேத்தண்ணி மட்டும்” என்று கெஞ்சும் உறவினருக்கு இதை விளங்கப்படுத்திய பேச்சுச் சிகிச்சையாளர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பாம்புக்கடியை நரம்பியல் நிகழ்ச்சியில் ஏன் சேர்த்தீர்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள். வடக்கில் இளவயதினருக்குத் திடீரென்று வரும் தசைத்தளர்ச்சிக்குக் கட்டுவிரியன் பாம்பை முதலில் நினைக்காத மருத்துவர் இங்கே வேலை செய்ய முடியாது. நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரை இரவில் கடிக்கும். வலி இராது, கடித்த தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்றுவலி என்று வந்து, பிறகு கண்ணிமை சரியும். நஞ்சு நரம்பு முனைகளையே அழித்துவிடுவதால், தளர்ச்சி வந்தபின் ஏற்றும் எதிர்நஞ்சு அதை மீட்காது. நாட்கணக்கில் செயற்கைச் சுவாசம் வேண்டும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடிகிறதா, ஒரே மூச்சில் எத்தனைவரை எண்ணுகிறார் என்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதவேண்டும். ஒட்சிசன் அளவு கடைசியில்தான் இறங்கும், அதை நம்பி இருக்கக்கூடாது. கண்மணி விரிந்து அசைவே இல்லாமல் கிடப்பவரை மூளைச்சாவு என்று எவரும் அவசரப்பட்டு எழுதிவிடக்கூடாது; அவருக்குக் காது கேட்கும். தீவிர சிகிச்சைப் பிரிவுத் தாதியர் இதை நடைமுறையில் காட்டினார்கள். எதிர்நஞ்சுக்கு முன் 0.25 மில்லிகிராம் அட்ரினலினைத் தோலுக்குக் கீழே போடுவது ஒவ்வாமையைக் குறைக்கும் என்பது இலங்கையில் செய்யப்பட்டு 2011இல் வெளியான ஆய்வின் முடிவு. அந்த ஊசியை எதிர்நஞ்சோடு ஒரே தட்டில் தயாராக வைக்கும் ஒழுங்கை முன்மொழிந்தவர்கள் மருந்தாளர்கள். வலிப்பு மருந்தான பெனிற்றோயினை டெக்ஸ்ரோஸில் கலந்தால் படிந்துவிடும், சேலைனில் மட்டுமே கலக்கவேண்டும் என்று ஒவ்வொரு விடுதியிலும் அறிவித்தல் ஒட்டியவர்களும் அவர்களே.

நரம்பு வழியே மின்தூண்டல் ஓடும் வேகத்தை அளக்கும் நரம்புக் கடத்தல் வகுப்பு சிறியது. ஆனாலும் குளிரூட்டிய அறையில் கால் குளிர்ந்துபோனால் கடத்தும் வேகம் குறைந்து நோய்போலத் தெரியும் என்பதால், தோலின் வெப்பநிலையைப் பார்த்து வெந்நீர்ப் பை வைத்துக் காத்திருந்த உதவியாளர்களை விட்டுவிட முடியாது.

பட்டப்பின்படிப்பு மாணவரின் பரிசோதனைப் பயிற்சிக்கு உடன்பட்டு வந்த நோயாளர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம். கால்விரல் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்க்க ஒரே ஆளின் உள்ளங்காலை பத்துப் பேர் கீறினால் பதினோராவது ஆளுக்குச் சரியான விடை கிடைக்காது, நோயாளிக்கும் கால் புண்ணாகும். ஆகவே சுற்றுமாற்றி இருத்தினோம். தசைகள் விரைவில் களைத்துப்போகும் மயஸ்தீனியா நோய் உள்ளவர்களைப் பின்னேரம் அழைத்தோம், களைப்பில் இமை சரிவது அப்போது நன்றாகத் தெரியும். அறிகுறி தெரியவேண்டுமென்று மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லி எவரையும் கேட்கவில்லை.

பெப்ரவரி இரண்டாவது திங்கட்கிழமை வரும் வலிப்பு நோய் நாளையொட்டிப் பாடசாலைகளில் பேச இடம் தந்த அதிபர்கள், ஆசிரியர்களுக்கும் நன்றி. கையில் இரும்பைத் திணிப்பதும் வாய்க்குள் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990. இவ்வளவுதான் சொன்னோம். மிச்சத்தைப் பிள்ளைகளே வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

அதிர்வுணர்வைச் சோதிக்கும் 128 ஹேர்ட்ஸ் இசைக்கவைகளையும் தசைநார்த் துடிப்பைச் சோதிக்கும் நீளக் கைப்பிடிச் சுத்தியல்களையும் வாங்கி அனுப்பிய புலம்பெயர்ந்த பழைய மாணவர்களுக்கு: பொருட்கள் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. இரண்டு இசைக்கவைகள் யாருடைய வெள்ளை அங்கிப் பைக்குள்ளோ குடியேறிவிட்டன; எடுத்தவர் தயவுசெய்து திருப்பி வைக்கவும். பெயர்கள் நீக்கிய ஈஈஜி பதிவுகளின் தொகுப்பு எமது குழுவிடம் உண்டு. ஆதார வைத்தியசாலைகளில் பணிபுரியும் மருத்துவர்களும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
நரம்பியல் கல்விக் குழுவினர்