ஏழு அறை இரும்புக்குள் எங்களோடு நின்றவர்களுக்கு

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கும் அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கும் ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக்குள் எடுத்த ஆவணப்படம் ஒலிச்சேர்க்கை வரை முடிந்துவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். பெயரை விட்டுவிட்டோம்; செய்த உதவியை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் நன்றி, இந்த வகை நீர்மூழ்கியில் டீசல் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்ற ஏற்காட்டு ஐயாவுக்கு. முங்கியிருக்கும் காட்சியில் டீசல் இரைச்சல் இருந்தது. "டீசலுக்குக் காத்து வேணும் தம்பி. முங்குன பொறவு பேட்டரில மோட்டார்தான் ஓடும்" என்று அந்த இரைச்சலை எடுக்கச் சொல்லிவிட்டார். 2ஆம், 4ஆம் அறைகளின் தரைக்கடியில் 448 பேட்டரி செல்கள். மேலே மிதக்கும்போதோ, காற்றுக்குழாயை நீருக்கு மேல் நீட்டிக்கொண்டோதான் டீசலை ஓட்டிச் சார்ஜ் ஏற்ற முடியும். அப்போது ஹைட்ரஜன் கிளம்பும்; காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் வெடிக்க ஒரு பொறி போதும். ஆகவே அந்த இடத்தில் காற்றோட்ட விசிறியின் சத்தம் வர வேண்டும் என்றார். சினிமாவில் ஓயாமல் கேட்கும், ஒலியை அனுப்பி எதிரொலியால் இடம் அறியும் சோனார் கருவியின் 'டிங்' ஒலியும் போயிற்று. ஒலியை அனுப்பினால் எதிரிக்கு நம் இடம் தெரிந்துவிடும். பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்பது மட்டும்தான். படத்தில் ஓர் உண்மை இருக்கிறதென்றால் அது இந்த அமைதிதான். அது ஐயா கொடுத்தது.

செவ்வாய்ப்பேட்டை லேத் பட்டறை அண்ணன்களுக்கு அடுத்த நன்றி. உள்ளே முக்காலியை விரிக்க இடமில்லை. தலைக்கு மேல் ஓடும் குழாய்களில் கேமராவை மாட்ட அலுமினியத்தில் ஆறு கிளாம்ப் கடைந்து கொடுத்தீர்கள். உள்பக்கம் 3 மில்லிமீட்டர் ரப்பர். அது இல்லாவிட்டால் பெயின்ட் உரியும்; யாராவது நடந்தாலே அதிர்வு குழாய் வழியாகப் படத்தில் ஏறிவிடும். பசை போட்டு ஒட்டிய முதல் ரப்பர் வெக்கையில் கழன்று வந்ததும், காடி வெட்டி அதற்குள் உட்கார வைத்தீர்கள். போல்ட்டுக்குப் பதில் கையால் திருகும் காது நட்டு போட்டது இன்னும் பெரிய யோசனை. ஸ்பேனர் கை தவறித் தரை இடுக்கில் விழுந்தால் அதை எடுக்க வழியே இல்லை.

லீ பஜாரில் குடோன் தந்தவருக்கும் நன்றி. நீர்மூழ்கியில் அறைக்கு அறை நுழையும் வட்டக் கதவைப்போல் அங்கே பிளைவுட்டில் அறுத்த கதவில்தான் பழக்கம் நடந்தது: முதலில் கேமராவைக் கை மாற்றிவிட்டு, ஒரு காலை விட்டு, தலையைக் குனிந்து உடம்பை நுழைத்து, கடைசியில் மறுகால். அவசரப்பட்டால் முழங்காலில் அடி நிச்சயம்.

பதினான்கு ஜமக்காளத்துக்கு நாடா தைத்துக் கொடுத்த அக்காக்களே, படத்தில் பேச்சு தெளிவாகக் கேட்பது உங்களால். இரும்புச் சுவரில் குரல் எதிரொலித்துக் குடத்துக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ஜமக்காளத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால்தான் எதிரொலி நன்றாக அடங்குகிறது. வயர்லெஸ் மைக்கின் அலை இரும்புத் தடுப்பைத் தாண்டி அடுத்த அறைக்கு வராது. அதற்காக ஆளுக்கொரு சட்டைப்பை ரெக்கார்டர் இரவல் கொடுத்த கல்யாண வீடியோ நண்பர்களையும் மறக்கவில்லை. ஒலிப்பதிவுகளைப் பின்னால் ஒன்றோடொன்று பொருத்தத் தொடக்கத்தில் ஒரு கைதட்டல், முடிவில் ஒரு கைதட்டல் என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரு மணி நேரத்தில் இரண்டு ரெக்கார்டர்களின் கடிகாரம் சற்றே விலகிவிடுகிறது.

சிவப்பு விளக்குக் காட்சியைக் காப்பாற்றியவர் அஸ்தம்பட்டி எடிட்டர் தம்பி. இரவில் பெரிஸ்கோப்பில் பார்க்கும் கண் இருட்டுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதால் உள்ளே சிவப்பு வெளிச்சம் வைப்பார்கள். கேமராவுக்கோ அது சோதனை: நீலமும் பச்சையும் காலியாகிவிடும், சிவப்பு மட்டும் நிரம்பி வழியும், முகத்தில் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிடும். கேமராவில் ஒளியைக் காட்டும் ஒட்டுமொத்த அளவுகோலை நம்பாமல் சிவப்பை மட்டும் தனியாகப் பார்த்து ஒளியைக் குறைக்கச் சொன்னார். முகத்துக்கு வெள்ளை வெளிச்சம் துளி சேர்க்கவும் சொன்னார். இரண்டையும் செய்த பிறகுதான் முகம் முகமாகத் தெரிந்தது.

பார்வையாளர் வருமுன் கதவு திறந்து, ஒவ்வொரு இருபது நிமிடப் பதிவுக்கும் விசிறிகளை நிறுத்தி, அந்தப் புழுக்கத்தில் கூடவே நின்ற அருங்காட்சியக ஊழியர்களுக்கு எங்கள் வணக்கம்.

ஜமக்காளங்களைத் துவைத்து, அவரவர் சீட்டு குத்தி குடோனில் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை எடுத்துக்கொள்ளலாம். கிளாம்ப் ஆறும் பட்டறையிலேயே இருக்கும். குறுகலான இடத்தில் படம் எடுக்கும் யாரும் கேட்டு வாங்கிப் போகலாம் என்று அண்ணன்கள் சொல்லியிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
ஆவணப்படக் குழுவினர், சேலம்