காளான் பொடி வாங்கலாமா?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் மகனோடு புனேயில் சௌக்கியம். இங்கே மழை விட்டபாடில்லை.

மூட்டு வலிக்கு 'ஆயுர்வேதக் காளான் பொடி' வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். டப்பாவில் ரெய்ஷி, கார்டிசெப்ஸ் என்று இரண்டு காளான் பெயரல்லவா போட்டிருக்கிறதாம்? ரெய்ஷி சீன, ஜப்பானிய வைத்தியத்துச் சரக்கு. கார்டிசெப்ஸ் திபெத் பக்கம் புழங்கியது. ஆயுர்வேதம் என்ற பட்டம் விற்பனைக்காக ஒட்டியது.

பழைய ஆயுர்வேத நூல் எழுதிய சரகர் காளானைக் கீரைகளோடு வைத்துப் பேசுகிறார். சர்ப்பச்சத்திரகம் என்ற வகையை விலக்கிவிட்டு, மற்றவை இனிப்பு, குளிர்ச்சி, செரிக்கக் கனம், பீனசம், அதாவது மூக்குச் சளி, வரவழைக்கும் என்கிறார். பெரிய பாராட்டு ஒன்றுமில்லை!

எனக்கு இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுசுருதர் சொல்வதுதான் பிடித்திருக்கிறது. காளான் எதன்மேல் முளைத்தது என்று அவர் பார்க்கிறார். வைக்கோலில் வந்தது இனிப்பு. கொஞ்சம் வறட்சி என்றாலும் வாதம், பித்தம், கபம் என்ற தோஷங்களை அடக்கும். சாணத்திலும் மூங்கிலிலும் வந்தது துவர்ப்பு, வாதத்தைக் கிளப்பும். மண்ணில் வந்தது கனம், ருசி அந்த மண்ணுக்குத் தக்கபடி. உன் மூட்டு வலியை வைத்தியர்கள் வாதக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். அப்புறம் நீயே யோசித்துக்கொள்.

மருந்தாகவே பயன்பட்டதும் உண்டு. இந்த மராட்டியப் பக்கம் பலா மரத்தில் கட்டை மாதிரி ஒட்டி வளரும் காளான் ஒன்றை 'பன்சோம்பா' என்பார்கள். அதைத் தண்ணீர் விட்டு இழைத்து, குழந்தைகளுக்கு எச்சில் அதிகம் ஒழுகினால் ஈறில் தடவுவார்கள். வாய்ப்புண்ணுக்கும் அதுதான்.

சாப்பிட ஆசையென்றால் பால் காளான் வாங்கு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டதே, அதுதான். சிப்பிக் காளான் போல இதையும் வைக்கோலில்தான் வளர்க்கிறார்கள், சுசுருதரின் முதல் கணக்கில் வந்துவிடும். மொட்டுக் காளானுக்கு வைக்கோலோடு எருவும் கலக்கிறார்கள். அதை எதில் சேர்ப்பது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். எதுவானாலும் மிளகும் இஞ்சியும் தாராளமாகப் போட்டு, பகலில் சாப்பிடு. மழைக்கு வயலில் தானாக முளைத்ததை மட்டும் பழக்கப்பட்டவர்கள் காட்டாமல் தொடாதே.

இன்னொன்று. நீ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாய். ரெய்ஷி அதோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு கூடலாம் என்று சொல்கிறார்கள். உன் டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் ஒரு கரண்டிகூட வாயில் போடாதே.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறோம்.

உன்,
சுந்தரம்