இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரு ரப்பர் பேண்டும்

மதுரை,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளே,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய குரல் செய்தி ஏழு நிமிடம் ஓடியது. அதில் ஐந்து நிமிடம் உன் தென்னந்தோப்பு மயில்தான் பேசியது. மிச்ச இரண்டு நிமிடத்தில் நீ கேட்டது இதுதான் என்று நினைக்கிறேன்: டிசம்பரில் ஹூஸ்டனில் மகள் வீட்டுக்குப் போகிறீர்கள். அங்கிருந்து கால்வெஸ்டன் துறைமுகம் போய், குடும்பத்தோடு ஒரு வாரம் கப்பல். ஜமைக்கா, கிராண்ட் கேமன், மெக்சிகோவின் கோசுமெல் என்று மூன்று இடத்தில் இறங்கி ஏறுவீர்கள். இறங்கும்போது பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோவதா, அறையில் வைத்துவிட்டுப் போவதா? போனில் சொன்னால் பாதியை நீ மறப்பாய், மீதியை நான் மறப்பேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. காலையில் நத்தம் ரோட்டு நூலகத்துக்குப் போய்விடுகிறேன். 2023 ஜூலையில் திறந்தார்களே, கலைஞர் நூலகம், அதுதான். ஏசியும் நாளிதழும் இலவசம், வேறென்ன வேண்டும். வைகையில் தண்ணீர் வருகிறது. சோழவந்தான் பக்கம் நடவு முடிந்துவிட்டதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கப்பலை அப்புறம் பார்ப்போம், முதலில் உன் பீரோவைத் திற. உன் அமெரிக்க விசா எந்தப் பாஸ்போர்ட்டில் இருக்கிறது? பத்து வருட விசா என்றால் அது பெரும்பாலும் பழைய பாஸ்போர்ட்டில்தான் ஒட்டியிருக்கும். நீ போன வருடம் ரேஸ்கோர்ஸ் ரோட்டு ஆபீஸுக்குப் போய்ப் புதுப்பித்து வந்தாய் அல்லவா? மூலையை வெட்டி, கேன்சல் முத்திரை குத்திக் கையில் கொடுத்திருப்பார்கள். அது செத்த பாஸ்போர்ட் என்று நினைத்துவிடாதே. உள்ளே இருக்கும் விசாவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. புதியதும் பழையதும் சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும். நாங்கள் முதல் தடவை போனபோது பழையதை பீரோவிலேயே விட்டுவிட்டு, மேலூர் தாண்டியபிறகு என் மனைவிக்கு, அதாவது உன் தங்கச்சிக்கு, ஞாபகம் வந்து காரைத் திருப்பினோம். அன்றைக்கு இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டாள். அந்த ரப்பர் பேண்ட் இன்றுவரை கழற்றப்படவில்லை.

இனி கப்பல். ஏறும் நாளில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கார்டு கொடுப்பார்கள். அறைக் கதவைத் திறப்பது, ஐஸ்கிரீம் கடையில் கணக்கு எழுதுவது, இறங்கி ஏறுவது எல்லாம் அதில்தான். மீனாட்சி அம்மன் கோயிலில் செல்போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்குகிறோமே, அந்த டோக்கனைப் போல அதைக் காப்பாற்ற வேண்டும். இறங்கும் பாலத்தில் அதை ஒரு கருவியில் காட்டினால் ‘டிங்’ என்று சத்தம் வரும், காவலர் முன்னால் இருக்கும் திரையில் உன் முகம் வரும். ஏறும் நாளில் எடுத்த படம் அது. எங்கள் கப்பல் பயணத்தில் நான் அன்றைக்கு நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு நின்றிருந்தேன். அடுத்த நாள் கடலில் குளித்துவிட்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றேன். காவலர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்று என்று சைகை காட்டினார். கழற்றியபிறகும் அவருக்குச் சந்தேகம் போகவில்லை. பேத்தி முன்னால் வந்து “தாத்தாதான்” என்று இங்கிலீஷில் சாட்சி சொன்னாள்.

ஆக கார்டு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, குழந்தைகள் உட்பட. கழுத்தில் தொங்குகிற மாதிரி கயிறு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கார்டு மட்டும் போதாது என்பதைக் கோசுமெலில் கற்றுக்கொண்டேன். அங்கே துறைக்கு ஒரு வெளி வாசல் இருக்கிறது. கப்பல் ஆட்கள் நிற்பது உள்ளே, பாலத்தருகே. வெளி வாசலில் நிற்பது உள்ளூர்க் காவல். நானும் உன் தங்கச்சியும் கடைத்தெருவில் சுற்றிவிட்டு, பேத்திகளுக்கு ஆளுக்கொரு பம்பரம் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வாசலில் ஒரு அம்மா கார்டைப் பார்த்துவிட்டு, போட்டோ போட்ட அடையாள அட்டை கேட்டார். நான் பர்ஸிலிருந்து ஆதாரை எடுத்து நீட்டினேன்.

அந்த அம்மா அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். ஆதார் போட்டோவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் ரேஷன் கடைக்காரருக்கே அதில் இருப்பது நான்தானா என்று சந்தேகம் வரும். பின்பக்கம் தமிழில் முகவரி. அவர் தலையை ஆட்டி ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. எனக்கு வேர்த்துவிட்டது. அப்போது உன் தங்கச்சி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையை எடுத்து, வெற்றிலையை மடிப்பதுபோல் மடித்து வைத்திருந்த இரண்டு காகிதங்களை விரித்தாள். எங்கள் இருவரின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ், கலரில். கீழே விசா பக்கமும் இருந்தது. கிளம்பும் முன் டவுன்ஹால் ரோட்டில் எடுத்ததாம், என்னிடம் சொல்லவே இல்லை. அந்த அம்மா பார்த்தார், சிரித்தார், உள்ளே போகச் சொன்னார். அன்று முழுக்க ‘ஆதார் தாத்தா’ என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பெரியவர்களுக்குத்தான் இப்படிப் போட்டோ அட்டை கேட்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்குக் கப்பல் கார்டே போதும் என்று விட்டுவிட்டார்கள். உன் மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்க டிரைவிங் லைசென்ஸை வைத்துக்கொள்ளட்டும். உனக்கும் தங்கச்சிக்கும் (உன் மனைவியைத்தான் சொல்கிறேன்) அது இல்லை. அதனால் ஜெராக்ஸ், போனில் ஒரு படம், இரண்டும். போன் சார்ஜ் போய்விடும், காகிதத்துக்குச் சார்ஜ் தேவையில்லை.

இப்போது நீ கேட்ட கேள்வி: ஒரிஜினல் எங்கே இருக்க வேண்டும்? இதில் எங்கள் குடும்பமே இரண்டு கட்சி. என் மகன், அறையில் இருக்கும் லாக்கரில் பூட்டிவிட்டுப் போகலாம் என்பான். கடற்கரையில் பையை யாராவது தூக்கிக்கொண்டு போனால் ஒரு வாரத்துக்கு மெக்சிகோவில் உட்கார வேண்டும் என்பது அவன் வாதம். மருமகள், கையிலேயே இருக்க வேண்டும் என்பாள். கப்பல் நம்மை விட்டுவிட்டுப் போனால் பாஸ்போர்ட்டும் கப்பலோடு போய்விடும் அல்லவா என்பது அவள் வாதம். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். முதல் நாள் இரவு சாப்பாட்டு மேஜையில் இதற்காக ஒரு மணி நேரம் சண்டை.

நான் யோசித்துப் பார்த்து முடிவு செய்தது இப்படி. துறையை ஒட்டியே சுற்றுகிறோம், நடந்தே திரும்பிவிடலாம் என்றால் ஒரிஜினல் லாக்கரில், ஜெராக்ஸ் கையில். கப்பல் கம்பெனியே பஸ் போட்டுக் கூட்டிப்போகும் சுற்றுலா என்றாலும் அப்படியே, ஏனென்றால் அந்தப் பஸ் தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். ஆனால் நாமாக டாக்ஸி பிடித்துத் தொலைவு போகிறோம், அல்லது கோசுமெலிலிருந்து படகேறி எதிர்க்கரைக்குப் போய் மாயன் கோயில்களைப் பார்க்கிறோம் என்றால் இரண்டு பாஸ்போர்ட்டும், ரப்பர் பேண்டோடு, உடம்போடு ஒட்டிய பையில். அப்படிப் போனவனுக்காகக் கப்பல் காத்திருக்காது. விமானத்தில்தான் அமெரிக்கா திரும்ப வேண்டியிருக்கும். அங்கே ஜெராக்ஸைக் காட்டினால் ஏற்ற மாட்டார்கள். விசா ஒட்டிய அந்தப் பழைய பாஸ்போர்ட்தான் உன்னைக் காப்பாற்றும். (சில கப்பல்களில் ஏறியவுடனே பாஸ்போர்ட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் வாதமே இல்லை, ரசீதையும் ஜெராக்ஸையும் பத்திரமாக வை.)

கப்பலில் தினமும் இரவு அறைக்கு ஒரு தாள் வரும். மறுநாள் நிகழ்ச்சிகள், சாப்பாட்டு நேரம் எல்லாம் இருக்கும். அதன் ஒரு மூலையில் அந்த ஊரில் கப்பலுக்கான ஏஜென்டின் போன் நம்பர் பொடி எழுத்தில் இருக்கும். அதைக் கிழித்துப் பர்ஸில் வை. கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டிய நம்பர் அதுதான்.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அங்கே பிறந்தவர்கள், அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் கிளம்பி அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில் 16 வயதுக்குக் கீழ் உள்ள குடிமக்கள் பிறப்புச் சான்றிதழோடே போய்வரலாம். உன் மகள் அதை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைக்கக்கூடும். சமாளிக்கலாம், எல்லாம் ஒழுங்காக நடந்தால். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோ குடல்வால் வலியோ வந்து, நடுவழியில் இறங்கி விமானத்தில் திரும்ப வேண்டுமானால் அந்தச் சான்றிதழ் செல்லாது. வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் பறந்துவர கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். இப்போதே விண்ணப்பிக்கச் சொல். டிசம்பருக்கு அதிக நாள் இல்லை.

அதைவிடப் பெரிய கண்ணி உன் மாப்பிள்ளைக்கு இருக்கலாம். எச்-1பி வேலை விசா என்று சொன்னாயே. அவர் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதியைப் பார்க்கச் சொல். அங்கே தங்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டிருக்கும், ஒட்டிய விசா மட்டும் காலாவதியாகியிருக்கும். நம் பிள்ளைகள் பலர் வருடக்கணக்கில் இப்படித்தான் இருக்கிறார்கள், ஊருக்கு வரும்போதுதான் ஞாபகம் வரும். மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்பினால், சில நிபந்தனைகளோடு காலாவதியான விசாவிலும் உள்ளே விடும் சலுகை உண்டு. ஆனால் கரீபியன் தீவுகளுக்கு அந்தச் சலுகை மாணவர்களுக்கும் பரிமாற்ற விசாக்காரர்களுக்கும்தான், வேலை விசாக்காரர்களுக்குக் கிடையாது. உங்கள் கப்பல் ஜமைக்காவிலும் கேமனிலும் நிற்கிறது. மாப்பிள்ளை தன் கம்பெனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கட்டட்டும். கட்டிவிட்டார் என்றால் இன்றைக்கே கேட்கட்டும். நீ சொன்னால் மாமனார் மூக்கை நுழைக்கிறார் என்பார்; மகள் வழியாகச் சொல்.

பெயர் விஷயமும் இருக்கிறது. என் பெயர் என் மகனுக்குச் சர்நேம். அவன் பெயர் பேத்திகளுக்குச் சர்நேம். எனக்குச் சர்நேம் என் அப்பா. ஒரே குடும்பம், மூன்று தலைமுறை, மூன்று சர்நேம். ஏறும் நாளில் கவுன்டரில் இருந்த பெண் நாங்கள் யாருக்கு யார் உறவு என்று புரியாமல் ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தாள். நம் ஊரில் இனிஷியல் வைத்துச் சொல்லிவிடுவோம், அவர்களுக்கு எப்படித் தெரியும். நீயும் தங்கச்சியும் மட்டும் பேரனைக் கூட்டிக்கொண்டு இறங்கும் எண்ணம் இருந்தால், “இவர்கள் தாத்தா பாட்டி, அழைத்துப்போக எங்களுக்குச் சம்மதம்” என்று மகளும் மாப்பிள்ளையும் எழுதி, நோட்டரி முத்திரையோடு ஒரு காகிதம் தரட்டும். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சுருக்குப்பையில் இருந்தது.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் முழங்கால் மன்னிக்காது. டிசம்பரில் கால்வெஸ்டன் மணியைவிடக் கோசுமெல் மணி ஒரு மணி நேரம் முன்னால். எங்கள் கப்பல் கால்வெஸ்டன் மணியிலேயே ஓடியது. நாலரைக்குள் ஏற வேண்டும். என் போன் கரையில் உள்ளூர் டவரைப் பிடித்துத் தானாக மாறிக்கொண்டது எனக்குத் தெரியாது. வாசலில் அந்த ஆதார் கூத்து முடிந்து போனைப் பார்த்தால் நாலு இருபது! அந்த நீளத் துறையில் நானும் உன் தங்கச்சியும் ஓடினோம். ஒரே துறையில் இரண்டு கப்பல், இரண்டும் வெள்ளை, இரண்டும் பத்து மாடி. தெற்குக் கோபுரத்தில் செருப்பை விட்டுவிட்டு மேற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்தவன் மாதிரி விழித்து, தவறான கப்பல் பக்கம் ஓடி, திரும்பி, மூச்சு வாங்க ஏறினால் கப்பல் கடிகாரத்தில் மூணு இருபத்தைந்து. பேத்திகள் இன்னும் கடற்கரையில் இருந்தார்கள்.

உங்கள் கப்பல் மணியை மாற்றினாலும் மாற்றும், அதைக் கப்பலில் கேட்டுக்கொள். உன் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட எச்எம்டி வாட்ச் ஓடுகிறதா? அதைக் கட்டிக்கொண்டு போ. கப்பல் மணியை வைத்துவிட்டு, திரும்பும்வரை தொடாதே. போன் படம் எடுக்க மட்டும்.

அப்புறம், இறங்கும்போது தங்கச்சி பையில் பழம் போட்டுக்கொண்டு போகப் பார்ப்பாள். வேண்டாம். கோசுமெலில் நாய் மோந்து பார்த்தது, இரண்டு வாழைப்பழமும் ஒரு ஆப்பிளும் தொட்டிக்குள் போயின.

வரும் ஞாயிறு காலை பஸ்ஸில் சோழவந்தான் வருகிறேன். பழைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வை. பரணில் இருந்தாலும் சரி, ஏணி நான் பிடிக்கிறேன். ஜெராக்ஸ் அங்கேயே கலரில் எடுக்க முடியுமா என்று விசாரித்து வை, இல்லையென்றால் நான் இங்கே கொண்டுவந்து எடுத்துத் தருகிறேன். தங்கச்சியிடம் மதியச் சாப்பாடு சாதாரணமாக இருந்தால் போதும் என்று சொல். தேங்காய் மட்டும் பத்து எடுத்து வை, இங்கே விலை கேட்கவே முடியவில்லை.

உன்,
ஆதார் தாத்தா