பழைய மெயில மொத்தமா அழிச்சிடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு தோட்டத்துக் கோயில் கமிட்டி செக்ரட்டரி. எங்க கமிட்டி ஜிமெயில் 15 ஜிபியும் ரொம்பி புது மெயிலே வரல, இடம் வேணும்னு ஒரு தம்பி பழசையெல்லாம் அழிச்சிட்டான், கோயில் நிலத்துக்காக நிர்வாகத்தோட 9 வருஷமா எழுதின கடுதாசியும் அதோட போச்சு. குப்பைத்தொட்டியில 30 நாள்தான் இருக்கும், நாங்க தேடுறப்போ நாள் தாண்டிருச்சு. இன்னும் வயிறு எரியுது ஐயா.

மத்த கமிட்டிக்காரங்க தயவுசெஞ்சு கம்ப்யூட்டர்ல தண்டர்பேர்ட்னு ஒரு மெயில் ப்ரோக்ராம் போட்டுக்குங்க, இலவசம்தான். செட்டிங்ல ஆர்க்கைவ், அதாவது பழைய மெயில எடுத்து வைக்கிறது, போற இடத்த லோக்கல் ஃபோல்டர்ஸ்னு (நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கிற ஃபோல்டர்) மாத்தணும், அத விட்டுட்டா மெயில் ஜிமெயில் சர்வர்லயேதான் கிடக்கும். அப்புறம் மெயில செலக்ட் பண்ணி கீபோர்டுல ஏ தட்டினா வருஷவாரியா தானா போய் உக்காந்துக்கும். ஜிமெயில்ல ஆல் மெயில்குள்ள ஒரு காப்பி தங்கியிருக்கலாம், கம்ப்யூட்டர்ல எல்லாம் ஒழுங்கா திறக்குதான்னு பாத்த பிறகுதான் அங்க கை வைக்கணும். கரண்டு பில்லு, தண்ணி பில்லுக்கு ஃபில்டர் போட்டா வந்த உடனே தனி ஃபோல்டருக்குப் போயிடும், நான் இப்ப அதத் தேடுறதே இல்ல.

மாசம் ஒரு தடவ தண்டர்பேர்ட மூடிட்டு மெயிலும் செட்டிங்கும் இருக்கிற அதோட ப்ரொஃபைல் ஃபோல்டர அப்படியே பென்டிரைவ்ல காப்பி எடுத்து, கோயில் சாவி வச்சிருக்கிற தலைவர் வீட்டு அலமாரியில வைக்கிறோம்.

கோயில் கமிட்டி செயலாளர்,
சுங்கை சிப்புட், பேராக்